கடலின் நாயும் எரிக்கிற காடும்

2008 பெப்ரவரி 4, திங்கள்

காலையிலிருந்து பனிப்புகார். ஓர்லிகோன் ஸ்டேஷனில் எதிர்ப்பக்கத்தில் நிற்கிற ஆட்களே தெரியவில்லை. கை விறைப்பு.

வேலை கூட. சனி ஞாயிறு முதியோர் வீட்டில் யாரும் தோய்ப்பதில்லை, திங்கட்கிழமை எல்லாம் என் தலையில். படுக்கை விரிப்பு மட்டும் வண்டில் வண்டிலாக.

டொக்டர் நித்திரைக் குளிசையை மாற்றித் தந்தார். மனதில் வருவதை எழுது என்றும் சொன்னார். எழுதுகிறேன். சுதன் சுதன் சுதன் என்று பக்கம் முழுக்க எழுதலாம், வேறு என்ன வருகிறது.

தேத்தண்ணி நேரம். குசினிக்குப் புதிதாக வந்த வெள்ளைக்காரி, என் வயதுதான் இருக்கும், போனில் யாரோடோ பிடுங்குப்பாடு. இந்த நாட்டு டொச் இல்லை. இத்தாலி மாதிரி, ஆனால் இத்தாலியும் இல்லை. கதையின் நடுவில் ‘பஹர்’ என்றாள். வண்டில் கையை விட்டுப் போய்ச் சுவரில் இடித்தது.

அது சுதனின் சொல். ‘கடலுக்கு இஞ்ச பஹர் எண்டு சொல்லுறவை அம்மா.’ அவன் சொல்லித்தான் என் காதில் இருக்கிறது.

போன் வைக்கும் மட்டும் நின்றேன். எந்த நாடு என்று கேட்டேன். மால்ட்டா என்றாள். அழுக்கு விரிப்புக் குவியலிலேயே குந்திவிட்டேன்.

அந்த நேரம் வாயில் வந்த டொச் அவ்வளவுதான்: மைன் சோன், என் மகன். மால்ட்டா. டோட், செத்துவிட்டான்.

அவள் நெஞ்சில் சிலுவை போட்டாள். பிறகு என்னைப் பிடித்துக்கொண்டாள். ஏப்ரனில் வெங்காய மணம். பெயர் கார்மேனா.

வள்ளத்திலா என்று கேட்டாள். மால்ட்டா என்றால் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். வள்ளத்தில் தப்பினவன். அங்கே போய் ஒன்றரை வருஷம் உயிரோடு இருந்தவன். போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட இருந்த பெடியன்களோடு கல்லுப் பக்கத்தில் கடலில் குளிக்க இறங்கினான். நீந்தத் தெரியாது. இதை டொச்சில் சொல்ல எனக்குத் தெரியாது. கையால் காட்டினேன்.

5, செவ்வாய்

புகார்தான் இன்றும். பருப்பு அடிப்பிடித்தது. இவர் அதையே சாப்பிட்டுவிட்டு ரெஸ்ரோரன்டு வேலைக்குப் போனார்.

கார்மேனா மத்தியானம் தன் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு கீழே துணி அறைக்கே வந்துவிட்டாள். சுதன் சொன்ன சொற்கள் எனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். ஞாபகமா. அதைவிட்டால் என்னிடம் என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமைகளில் காட் போட்டுப் போன் எடுப்பான். அவனிருந்த வீட்டுக்காரி ஜூசா என்கிற கிழவி. புருஷன் செத்துத் தனியாக இருந்தவள், மேல் அறையை இவனுக்கு விட்டிருந்தாள். அவளிடம் சொல் பொறுக்கிக்கொண்டு வந்து எனக்குப் பரீட்சை வைப்பான். ‘அம்மா, கடலின்ர நாய் எண்டா என்ன, சொல்லுங்கோ பாப்பம்?’ கடல்நாய்தானே என்பேன். ‘இல்லை, சுறா. நீங்கள் பெயில்.’ காட் முடியும் மட்டும் இந்த விளையாட்டுத்தான். சாப்பிட்டாயா, காய்ச்சலா, வேலை இருக்கா என்று கேட்க நான் காத்துக்கொண்டிருப்பேன்.

கார்மேனாவுக்குச் சொன்னேன், அவள் திருத்தினாள். மறக்காமல் எழுதுகிறேன்.

கெல்ப் இல்-பஹர். கடலின் நாய். சுறா.

ஃபர்ஃபெட் இல்-லேல். இரவின் வண்ணத்துப்பூச்சி. வௌவால். (எவ்வளவு வடிவாகச் சொல்கிறார்கள். நாங்கள் வௌவாலைக் கண்டால் விளக்குமாறு தூக்குகிறோம்.)

அவ்சல்லா. அவ்ஸ் என்றால் வில், அல்லா என்றால் கடவுள். கிறிஸ்தவர்களும் அங்கே கடவுளை அல்லா என்றுதான் கூப்பிடுவார்களாம். எங்களுக்கு வானத்தின் வில், அவர்களுக்குக் கடவுளின் வில்.

விட்னெட் இல்-பஹர். கடலின் காது. கடலோரப் பாறையில் முளைக்கிற ஒரு செடி. இதைச் சுதன் சொல்லவில்லை, கார்மேனா சொன்னாள். அவன் கண்டிருப்பானோ.

இன்னொன்று, மண்ணின் பன்றி. அவர்கள் சொல் வாயில் நிற்கவில்லை. பூச்சாடிக்குக் கீழே இருக்கிற சாம்பல் நிறப் பூச்சி, தொட்டால் உருண்டையாகச் சுருளும். மேலே டிரெக்டர் வந்தால் எங்கள் பொறுப்புக்காரி செஃபினும் அப்படித்தான் சுருளுகிறாள் என்று கார்மேனா சொல்லி, உடம்பைச் சுருட்டிக் காட்டினாள். சிரித்துவிட்டேன்.

சத்தமாகச் சிரித்தேன். பிறகு வாயைப் பொத்தினேன். ஆவணிக்குப் பிறகு முதல் சிரிப்பு. என்ன தாய் நான்.

ஜூசாவோடு கதைக்க வேண்டும். ஒரு நன்றியாவது சொல்ல வேண்டும். அவள் மொழியில் எப்படி என்று கேட்டேன். க்ராட்ஸி. அது இத்தாலிச் சொல்லாம், லேசு.

6, புதன்

எழுத முடியுமா என்று தெரியவில்லை.

காலையில் பாதிரியார் முதியோர் வீட்டுக்கே வந்தார். கத்தோலிக்கருக்குச் சாம்பல் நாள். கார்மேனா நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு கீழே வந்தாள். என் நெற்றியில் திருநீறு. ஒருவர் நெற்றியை ஒருவர் பார்த்தோம். அவளுக்குச் சிரிப்பு.

அதனால்தான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்காமல் இருந்திருக்கலாம்.

சாம்பல் கதை வந்தது. நாங்கள் செத்தவரை எரிப்போம், அந்தச் சாம்பலைக் கடலில் விடுவோம் என்று சொன்னேன். எரிக்கிற இடத்துக்கு எங்களிடமும் இரண்டு சொல் ஒட்டின சொல் இருக்கிறது, சுடுகாடு, சுடுகிற காடு, உங்கள் மொழியில் எப்படி என்று கேட்டேன். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. காட்டில் நெருப்புப் பிடிப்பது என்று நினைத்தாள். கையால் காட்டினேன். விளங்கியது. தலையை ஆட்டினாள்.

“எங்கட தீவில அது இல்லை.”

சொல் இல்லையோ என்றேன்.

“சொல் இருக்கு, இத்தாலியில இருந்து எடுத்தது. இடம்தான் இல்லை. தீவில ஒருத்தரையும் எரிக்கிறேல்லை. எரிக்க வேணுமெண்டா வேற நாட்டுக்குக் கொண்டு போக வேணும்.”

என்னுடைய பிள்ளையை எரித்தது, சாம்பலைக் கடலில் விட்டது என்றேன். என் கையைப் பிடித்தாள். அவள் கை ஈரம்.

“அப்ப என்ர பிள்ளை எங்க?” என்று தமிழில்தான் கேட்டேன். அவளுக்கு விளங்கியது. நிலத்தைக் காட்டினாள்.

பிறகு நடந்தது சரியாகத் தெரியாது. விரிப்பு அழுத்துகிற மெஷினுக்குள் கையை விடப் பார்த்தேனாம். செஃபின் நிற்பாட்டி வீட்டுக்கு அனுப்பினாள். நல்ல மனுஷி. அவளைப் போய்ப் பூச்சி என்று சிரித்தேன்.

எரிக்கவில்லை. புதைத்திருக்கிறார்கள்.

7, வியாழன்

வேலைக்குப் போகவில்லை. வெயில். எரிச்சலாக இருக்கிறது இந்த வெயில்.

இவரிடம் சொன்னேன். கதிரையில் இருந்தவர் எழும்பி, திரும்ப இருந்தார். பிறகு, “இஞ்சேரும், ஒருத்தருக்கும் சொல்லாதையும். அந்தியேட்டி எல்லாம் முடிஞ்சுது. இனிக் கிளறி என்ன?” என்றார்.

முப்பத்தோராம் நாள் ஐயரைக் கூப்பிட்டு அந்தியேட்டி செய்தோம். எரித்த பிள்ளைக்குச் செய்கிறது எல்லாம் எரிக்காத பிள்ளைக்குச் செய்திருக்கிறோம். அவன் பாட்டுக்கு மண்ணுக்குள் கிடக்க, இங்கே நாங்கள் வடையும் பாயாசமும் சாப்பிட்டோம்.

எப்படி இது நடந்தது என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். ஒருவரும் பொய் சொல்லவில்லை. அப்போது எங்களால் போக முடியவில்லை. எங்களிடம் இருப்பது சுவிஸில் தற்காலிகமாக இருக்க விட்ட எஃப் அட்டை, எல்லை தாண்டக் கந்தோரில் எழுதிக் கேட்க வேண்டும். கேட்டோம், பதில் வருவதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. இவருடைய தமையன், பாடனில் இருக்கிற பெரியத்தான்தான் போனில் தெரிந்த இங்கிலிஸில் கதைத்தார். ‘எல்லாம் முடிஞ்சுதாம்’ என்றார். முடிந்தது என்றால் எரித்தது. எங்களுக்கு வேறு என்ன தோன்றும்? சாம்பல் எங்கே என்று யாரோ கேட்டார்கள். ‘சுத்திவரக் கடல்தானே, கரைச்சிருப்பினம்’ என்றார் பெரியத்தான். அடுத்த கிழமை அது ‘கரைச்சவை’ ஆகிவிட்டது. அந்தியேட்டிக்கு வந்த சனம் கேட்டபோது நானே சொன்னேன், கடலில் கரைச்சாச்சு என்று.

இந்த ஆறு மாசமும் உப்புப் போடும்போதெல்லாம் கை நின்றது. கடலில் அல்லவா கரைந்திருக்கிறான் என்று. உப்பில்லாமல் கறி வைத்தேன். இவர் ஏன் என்று கேட்டதில்லை.

எல்லாம் பொய்யான அழுகை. உண்மையான அழுகை இனித்தான் தொடங்க வேண்டும். எங்கே தொடங்குவது?

மண்ணுக்குப் போகக்கூடாது என்றுதானே ஊரிலிருந்து அனுப்பினது. வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று இயக்கத்துக்குப் பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவனை வைத்திருந்த என் தங்கச்சி அழுதழுது போன் எடுத்து, அனுப்பினது. பதினெட்டுக்கு மேல் என்று எங்களோடு சேர்த்து எடுக்க இங்கே விடவில்லை, அதனால் ஆள் அனுப்புகிற ஏஜென்சி. போராடப் போய்ச் செத்த பிள்ளைகளை அங்கே எரிப்பதில்லை, புதைக்கிறார்கள். அதிலிருந்து தப்ப வைத்து எந்த மண்ணில் கொண்டுபோய்ப் போட்டேன்.

8, வெள்ளி

விளக்கு வைக்கவில்லை. கை போகவில்லை.

இவர்தான் சொல்லியிருக்க வேண்டும். பின்னேரம் பெரியத்தான் வந்தார். கோட்டைக் கழற்றவில்லை. இரண்டு முழங்காலிலும் கையை ஊன்றி நிலத்தைப் பார்த்தபடி.

“நான் அப்பிடித்தான் நினைச்சன் பிள்ளை. அந்த வீட்டுக்கார மனிசி போனில ‘நாங்கள் எங்கட முறைப்படி செய்யட்டோ’ எண்டு கேட்டது. நான் யேஸ் யேஸ் எண்டன். முறை எண்டா எரிக்கிறதுதானே எண்டு.”

அவரை ஏச வாய் வரவில்லை. எழுபதை எட்டப்போகிற மனுஷன். நானாக இருந்தாலும் யேஸ் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஐயருக்குப் போன் எடுத்தார்கள். தர்ப்பைப் புல்லில் ஆள் மாதிரிக் கட்டி அதை எரிக்கலாம், பிரேதம் கிடைக்காதவர்களுக்கு அப்படித்தான் செய்கிறது என்றாராம். புல்லு. என் பிள்ளை புல்லு.

அது வேண்டாம் என்று பெரியத்தானும் சொன்னார். “கிடைக்காத பிள்ளை இல்லையே. இடம் தெரியுது. தோண்டி எடுத்து இஞ்ச கொண்டந்து முறையா எரிப்பம். நான் விட்ட பிழையை நானே திருத்திறன்.” அப்படிப் பிரேதம் கொண்டு வந்து கொடுக்கிற தமிழ்ப் பெடியன் ஒருவனைத் தெரியுமாம். தாய் தகப்பன் கையெழுத்து வேண்டும். கல்லறைச் சொந்தக்காரர் சம்மதமும் வேண்டும்.

இங்கே வருவான். ஓர்லிகோனுக்கு வருவான். கால் வைக்காத வீட்டுக்குப் பெட்டியிலாவது வருவான். வரட்டும். வரட்டும். ஒரு தரம் தொட்டுப் பார்க்க வேண்டும்.

இன்று சோறு உள்ளே போனது.

10, ஞாயிறு

கார்மேனா வீடு. சின்ன வீடு, மாதா படத்துக்குக் கீழே மின்சார விளக்கு. அவள் புருஷன் சுவிஸ்காரன், எனக்குக் கோப்பி போட்டுத் தந்துவிட்டு நாயோடு வெளியே போய்விட்டான்.

ஜூசாவுக்குப் போன். சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தாள். ஜூசா சொல்வதைக் கார்மேனா டொச்சில் சொல்ல, நான் பாதியைப் பிடித்துப் பாதியைத் திரும்பக் கேட்டு.

நான் முதலில் க்ராட்ஸி என்றேன். அந்தப் பக்கம் மூக்குச் சிந்துகிற சத்தம்.

தெரிந்துகொண்டது:

அவனைக் கிடத்தியிருப்பது அவர்களுடைய சொந்தக் கல்லறை. அங்கே குடும்பத்துக்கு ஒன்றாம். கீழே ஜூசாவின் புருஷன், மேலே சுதன்.

அவனுக்குப் போட்டுவிட்டது வெள்ளைச் சேட்டு, செத்த புருஷனுடைய சட்டை. கையை மடித்துவிட்டதாம், சுதனுக்கு நீளம் கூட.

அவன் அறையில் வைத்திருந்த சின்னப் பிள்ளையாரையும் உள்ளே வைத்தாளாம். பாதிரியார் கண்டவராம். கண்டும் காணாத மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவராம். இதைச் சொல்லும்போது கிழவி சிரித்தாள். கார்மேனாவும் சிரித்தாள்.

தனக்கு என்று இருந்த இடத்தைத்தான் அவனுக்குக் கொடுத்தாளாம். தனக்குக் காலம் வரும்போது அவனுக்கு மேலே தன்னை வைப்பார்களாம். அவன் தனிய இல்லை, பயப்படாதே என்றாள்.

பெரியத்தான் சொன்னதைச் சொன்னேன். தோண்டுகிறது, கொண்டு வருகிறது. ஜூசா சொன்னது, கார்மேனா சொன்னபடி: “நீ தாய். நீ உன் வாயால சொல்லு. எடு எண்டா கையெழுத்துப் போடுறன். ஆம்பிளையள் சொன்னா போடமாட்டன்.”

வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

11, திங்கள்

விரிப்பு. விரிப்பு. விரிப்பு.

அந்தக் கிழவியைக் கும்பிட வேண்டும். கும்பிட முடியவில்லை. என் பிள்ளைக்கு மேலே படுக்க அவள் யார்? சேட்டின் கையை மடித்துவிட்டவள். அது நான் செய்ய வேண்டியது. அவள் சுதன் என்று சொல்கிற மாதிரியும் சரியில்லை, சூத்தான் என்கிறாள்.

அவள் கைச் சாப்பாடுதான் கடைசியாகச் சாப்பிட்டான். அன்று என்ன சமைத்தாள் என்று கேட்கவில்லை. கேட்கவும் பயம்.

இருக்கட்டும். இங்கே வரட்டும். என்னிடம் வரட்டும்.

கார்மேனா இன்று ஒரு சொல் சொன்னாள். மனுஷனுக்கு அவர்கள் ப்னீடெம் என்பார்களாம். பின் என்றால் மகன், ஆதாமின் மகன் என்பது ஒட்டி ஒட்டி அப்படி ஆகிவிட்டதாம். எல்லா மனுஷரும் ஆதாமின் மகன். தாயின் பெயர் அதில் இல்லையா என்று கேட்டேன். இல்லை என்றாள். கொஞ்சம் யோசித்து, தகப்பன்மார்தானே சொல் செய்தவர்கள், நாங்கள் சட்டி கழுவிக்கொண்டு நின்றோம் என்றாள்.

13, புதன்

மழையும் பனியுமாக ஊத்தை வானம்.

அந்தப் பெடியன் வந்தான். பெரியத்தான் கூட்டிக்கொண்டு வந்தார். முப்பது வயது இருக்கும். நல்ல கறுப்புக் கோட்டு, நல்ல சப்பாத்து, வாசலிலேயே கழற்றி ஒழுங்காக வைத்தான். பழுது சொல்ல முடியாது. தேத்தண்ணியை இரண்டு கையாலும் வாங்கினான்.

தோண்டி எடுத்ததும் துத்தநாகத் தகட்டுப் பெட்டியில் வைத்து ஒட்டிவிடுவார்களாம். பிறகு பிளேன். இங்கே இறக்கியதும் நேரே எரிக்கிற இடம்.

முகம் பார்க்க ஏலாதோ என்றேன். இவரும் பெரியத்தானும் நிலத்தைப் பார்த்தார்கள். “ஏலாது அக்கா. ஒட்டின பெட்டியைத் திறக்க விடமாட்டினம். திறந்தாலும்…” என்று நிறுத்திக்கொண்டான்.

தொட முடியாது. பார்க்க முடியாது. பெட்டி வரும், பெட்டி எரியும்.

அதற்குப் பிறகும் ஓம் என்றுதான் சொல்ல இருந்தேன். கையெழுத்து எந்த இடம் என்றுகூடக் கேட்டேன். என் முகத்தைப் பார்த்து அவனுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். சொன்னான்:

“ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ அக்கா. எல்லாம் நாங்கள் பாப்பம். பத்திரமாக் கொண்டந்து உங்கட கையில தருவம்.”

எடுத்த பேனையை மேசையில் வைத்தேன்.

கொழும்பிலிருந்து போன் எடுத்த ஏஜென்சிக்காரனும் இதைத்தான் சொன்னான். அக்கா என்றுதான் சொன்னான். பத்திரமாக என்றுதான். என் கையில் தருவோம் என்றுதான். குரல்கூட இப்படி ஆறுதலான குரல். பிறகு ஆபிரிக்காவில் ஏதோ ஊரில் ஒரு வீட்டுக்குள் பூட்டி வைத்து. பிறகு லொறிக்குள் சாமானுக்குக் கீழே. பிறகு மணல். பிறகு வள்ளம். ஒருவன் கையிலிருந்து ஒருவன் கைக்கு. ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஒவ்வொருவன் போன் எடுத்து, அக்கா பயப்படாதேங்கோ.

இந்தப் பெடியன் பாவம், அவனுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. சொன்னதைச் செய்கிறவன் மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் கை எழும்பவில்லை. வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்று எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன்.

பெரியத்தான் குசினி வாசலுக்கு வந்தார். “பெத்தனீர் பிள்ளை. அவன் கரையேற வேண்டாமோ?”

பைப்பைத் திறந்துவிட்டுக் கழுவின கோப்பையையே கழுவினேன்.

14, வியாழன்

குளிர்.

வேலை இடத்திலிருந்தே ஐயருக்கு நானே போன். சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைக்கிறதுதானே ஐயா என்று கேட்டேன். அது சின்னக் குழந்தைகள் அம்மா, இது வளர்ந்த பிள்ளை, சாத்திரம் அப்படி இல்லை என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆறுதலாகத்தான். ஆனால் இல்லை என்றார்.

என் பக்கம் சாத்திரம் இல்லை. இவரும் இல்லை. பெரியத்தானும் இல்லை. நான் மட்டும். பிழை விட்டேன் என்றால் அவன்தான் அலைவான், நான் இல்லை. அதுதான் பயம். யாரிடம் கேட்பது? அவனிடம்தான் கேட்க வேண்டும்.

இங்கே கொண்டு வந்தால் அலைச்சல். அங்கே விட்டால் அலைச்சலோ என்று பயம். அங்கே விட்டால் நான் போய்ப் பார்க்கவும் முடியாது, இந்த அட்டையோடு. எப்போது மாற்றித் தருவார்கள் என்று யாருக்குத் தெரியும். அதற்குள் ஜூசா செத்தால்? கல்லறை எங்கே என்று காட்டவும் ஆள் இருக்காது.

அம்மா களைச்சுப்போனன் என்று வள்ளத்தால் இறங்கின அன்று போனில் சொன்னான். நித்திரை கொள்ளப்போறன், ஒருத்தரும் எழுப்பாமல் விட்டாப் போதும் என்றான். பிறகு இரண்டு நாள் நித்திரை கொண்டானாம்.

அவனிடம் கேட்டாயிற்று.

மத்தியானம் கார்மேனாவிடம் கேட்டேன், ‘அவனை அங்கேயே விடு’ என்று உங்கள் மொழியில் எப்படி. அவள் உடனே சொல்லித் தரவில்லை. நல்லாய் யோசித்தாயா என்றாள். இவருக்குத் தெரியுமா என்றாள். தெரியாது என்றேன். பிறகுதான் சொன்னாள். ஹல்லீஹ் ஹெம். அவனை விடு, அங்கே. இதில் ஒட்டு ஒன்றும் இல்லை, இரண்டு சொல் தனித்தனி.

மெஷின் சத்தத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். தொண்டைக்குள்ளிருந்து வர வேண்டுமாம். தொண்டைக்குள்தான் எல்லாம் கிடக்கிறதே.

15, வெள்ளி

வானம் வெளித்திருக்கிறது. குளிர் குறையவில்லை.

தலை முழுகினேன். விளக்கு வைத்தேன்.

பின்னேரம் பெரியத்தான் கீழே காரில் வந்து நிற்பார், அந்தப் பெடியனுடைய கந்தோருக்குப் போய்க் கையெழுத்துப் போடுகிறது என்று பேச்சு. இவர் வெளிக்கிட்டு, சப்பாத்தும் போட்டு, வாசலில் நின்று, “இஞ்சேரும், அண்ணை வாற நேரமாகுது” என்று கூப்பிட்டார்.

நான் போன் காட்டைச் சுரண்டி நம்பர் அடித்தேன். இரண்டு தரம் பிழை.

ஜூசாவே எடுத்தாள். நான் யார் என்று சொன்னேன். சூத்தானின் அம்மா என்றேன், அவள் சொல்கிற மாதிரியே.

ஹல்லீஹ் ஹெம் என்றேன்.

விளங்கவில்லையோ என்று திரும்பச் சொன்னேன். ஹல்லீஹ் ஹெம், ஜூசா. அவள் கனக்கச் சொன்னாள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. சொல்லிக்கொண்டே அழுதாள். நானும் தமிழில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. பிள்ளையாரை வைத்ததற்குச் சொன்னேன். சேட்டுக் கைக்குச் சொன்னேன். அன்றைக்கு என்ன சமைச்சுக் குடுத்தனீங்கள் என்றும் கேட்டேன் போல. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதைத்துக்கொண்டு நிற்க, காட் முடிந்து கட்டாகிவிட்டது.

திரும்பினேன். இவர் பின்னால் நிற்கிறார்.

“என்ன சொன்னனீர்?”

“அங்கயே கிடக்கட்டும் எண்டன். இனி ஒருத்தற்ர கையிலயும் குடுக்கமாட்டன். அவன் களைச்சுப்போனான்.”

சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நல்லது. நானும் போட்டிருப்பேன். கீழே பெரியத்தானுடைய கார் ஹோர்ன் அடித்தது. இவர் போகவில்லை. சப்பாத்து அடுக்குகிற பெட்டியில் குந்தி, சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு இறுகிவிட்டது, நகத்தால் நோண்டிக்கொண்டிருந்தார். நான் குனிந்து அவிழ்க்கப் போனேன், விடவில்லை.

திரும்பவும் ஹோர்ன்.

“அந்த இடத்தில நிழல் இருக்காமோ?” என்று நிலத்தைப் பார்த்தபடி கேட்டார். “ஆவணியில அங்க சரியான வெயில் எண்டு சொன்னவன்.”

கேட்கவில்லையே. எல்லாம் கேட்டேன், அதைக் கேட்கவில்லை.

நாளை கார்மேனாவிடம்: நிழலுக்கு என்ன சொல். மரத்துக்கு என்ன சொல்.